அப்பாரு ஆரம்பித்த கல்வி அறக்கட்டளை: உதவி கொடுக்கும் முறையை எங்கிருந்து மாற்றுவது?

மண்டிக்காரர் பேத்தி, ஈரோடு

வணக்கமுங்க. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்த எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) 1978இல் ஒரு கல்வி அறக்கட்டளை ஆரம்பித்தார். இரண்டு கடை வாடகையும் வங்கி வட்டியும்தான் வரவு. அப்பா தவறிய பிறகு போன வருடம் என்னை அறங்காவலராகச் சேர்த்தார்கள். நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். எந்த ஆர்டர் எந்தத் தேதியில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே பிழைப்பு. அந்தக் கண்ணோடு அறக்கட்டளைக் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

இப்போது நடப்பது இதுதான். ஆடி மாதம் வெள்ளைத்தாளில் விண்ணப்பம் வரும். சித்தப்பா கோப்பில் போட்டு வைப்பார். தை மாதம் அப்பாரு நினைவு நாளில் மண்டபம் பிடித்து, சால்வை போட்டு, மேடையில் காசோலை கொடுத்து, சாப்பாடும் போட்டு அனுப்புவோம். காலேஜில் பணம் கட்டச் சொன்னதோ ஜூன், ஜூலையில். இடைப்பட்ட மாதங்களில் வீட்டில் நகை அடகுக்குப் போயிருக்கும். நாம் கொடுக்கும் பணம் படிப்புக்குப் போகிறதா, அடகு வட்டிக்குப் போகிறதா என்றே சந்தேகம்.

ஒரு நிறுவனம் எல்லாவற்றையும் ஆப்பில் செய்து தருவதாகச் சொல்கிறது. அவர்கள் கேட்கும் தொகையில் சில பிள்ளைகள் படித்துவிடுவார்கள். அது தேவையா? அப்புறம் பத்திரத்தில் "கோயம்புத்தூர் மாவட்டத்து ஏழை மாணாக்கர் உயர்கல்வி பயில வேண்டிய உதவி" என்றுதான் இருக்கிறது. நாங்கள் ஈரோடு, பெருந்துறைக்கு மட்டும், அதுவும் டிகிரிக் கட்டணம் மட்டும் கொடுத்து வருகிறோம். ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? இங்கேயே அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் காலேஜ் போகும் ஒடிசாக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு? "அப்பாரு வைத்ததை மாற்றாதே" என்பது சித்தப்பாவின் ஒரே பதில்.

பனியன் ஊர்

ஆப் எல்லாம் வேண்டாங்க. கூகுள் ஃபார்ம் ஒன்று போடுங்கள், காசு செலவில்லை. பணத்தை நேராகக் கணக்கில் போட்டுவிடுங்கள். முடிந்தது வேலை.

ஓய்வு பெற்ற ஹெச்.எம்., கோபி பக்கம்

ஃபார்ம் போட்டால் முடிந்தது என்று மேலே ஒரு தம்பி சொல்லியிருக்கிறார். தாளில் ஆடியில் வாங்கித் தையில் கொடுத்ததை, இனி போனில் ஆடியில் வாங்கித் தையில் கொடுப்பீர்கள். அவ்வளவுதான் மாறும்.

அம்மிணி, நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது தேதி. பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. அதற்கு முன்பே, ஏப்ரலில், இந்த வருடம் எவ்வளவு பணம், எத்தனை பேர் என்று உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். அட்மிஷன் கடிதம் கையில் வந்த ஒரு வாரத்துக்குள் முதல் தவணை காலேஜ் கணக்குக்குப் போக வேண்டும். ஜூனில் பத்தாயிரம் கொடுப்பதும் ஜனவரியில் இருபதாயிரம் கொடுப்பதும் ஒன்றல்ல. ஜூனில் பணம் இல்லாத பையன் ஜனவரியில் உங்கள் மேடைக்கு வரவே மாட்டான், ஸ்பின்னிங் மில்லில் இருப்பான்.

இரண்டாவது, கட்டணத்தையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். 1978இல் அது சரி. இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங், மருத்துவம் போனால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. 2022இல் புதுமைப் பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன் என்று அரசுத் திட்டங்கள் வந்து, மாதம் ஆயிரம் ரூபாய் கணக்குக்கு வருகிறது. நல்ல மார்க் எடுத்தவனைத் தேடிப் போய் நாமும் அதே கட்டணத்துக்குக் கொடுக்கிறோம். ரோட்டரி சங்கமும் அவனுக்கே சால்வை போடுகிறது. விட்டுப்போவது யார்? பர்கூர் மலையிலிருந்து ஈரோட்டுக்கு பி.ஏ. படிக்க வரும் பெண். கட்டணம் சொற்பம்தான். ரூம் வாடகை, மெஸ், லீவுக்கு ஊர் போய்வரும் செலவு என்று அடித்துக்கொண்டு போகும். நடுத்தர மார்க் வாங்கி ஐடிஐ சேரும் பையனுக்கு டூல் கிட், ஷூ, யூனிஃபார்ம். இதற்கெல்லாம் ரசீது கேட்டால் கிடைக்காது. மாதாமாதம் அந்தப் பிள்ளையின் கணக்கில் போட்டுவிடுங்கள்.

மேடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த ஒரு விழாவில் மைக் பிடித்தவர், "தகப்பன் குடிகாரர், தாயார் தறிக்குப் போகிறார்" என்று ஒரு பெண்ணை அறிமுகப்படுத்தினார். முன்வரிசையில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். மறுவருடம் அவள் விண்ணப்பமே போடவில்லை. கொடுக்கிறவருக்குப் புண்ணியம் வேண்டுமானால் கோவிலுக்குப் போகட்டும்.

விண்ணப்பம் ஒரு பக்கம் போதும். ஜாதகம் ஒன்றைத் தவிர எல்லாம் கேட்கும் அறக்கட்டளைகளைப் பார்த்துவிட்டேன். வருமானச் சான்று, வங்கிப் புத்தக நகல் எல்லாம் தேர்வானவர்களிடம் மட்டும் வாங்குங்கள். இ-சேவை மையத்துக்கு நடக்கும் கூலி நாளும் பணம்தானே. போன் பெரும்பாலும் அப்பனோடு வேலைக்குப் போய்விடும், ஆகையால் தாள் விண்ணப்பத்தையும் விட்டு வையுங்கள்.

ஆடிட்டர், ஆர்.எஸ்.புரம்

சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். உங்கள் பத்திரம் நீங்கள் நினைப்பதைவிட விசாலமானது. ஈரோடு பகுதி கோவையிலிருந்து பிரிந்து பெரியார் மாவட்டமானது 1979இல். 1978இல் எழுதிய பத்திரத்தில் வரும் கோயம்புத்தூர் மாவட்டத்தில் பவானி, கோபி, சத்தி, தாராபுரம், பொள்ளாச்சி எல்லாம் அடக்கம். பர்கூரும்தான். ஈரோடு, பெருந்துறை மட்டும் என்பது உங்கள் வீட்டுப் பழக்கம். கட்டணம் மட்டும் என்பதும் அப்படியே. நீங்கள் எழுதியிருக்கும் வாசகப்படி பாலிடெக்னிக், ஐடிஐ, மெஸ் செலவுக்குக் கொடுக்கத் தடை தெரியவில்லை. அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானம் போட்டு எழுதி வைத்தால் போதும். நோக்கத்தையே திருத்தினால்தான் வருமான வரித்துறைக்கு 30 நாளில் தெரிவித்துப் பதிவைப் புதுப்பிக்கும் வேலையெல்லாம் வரும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஒடிசாப் பிள்ளைக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: "நம்ம பசங்களுக்கு மட்டும்" என்று யாராவது கூட்டத்தில் கிளப்பினால் எழுத்தில் ஏற்றாதீர்கள். 1962 ஏப்ரல் 1க்குப் பிறகு தொடங்கிய அறக்கட்டளை ஒரு சாதிக்காக மட்டும் என்றால் வரிவிலக்கு நிற்காது. அறங்காவலர்களின் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் சிக்கல்தான்.

வரிவிலக்கு நிற்க வேண்டுமென்றால் வருட வரவில் 85 சதவீதத்தையாவது அந்த நிதியாண்டுக்குள் செலவழிக்க வேண்டும். தையில் மொத்தமாகக் கொடுத்து மிச்சத்தை மார்ச்சில் அவசரமாகத் தள்ளிவிடும் வழக்கம் அதனால்தான் பல இடங்களில் இருக்கிறது. மாதத் தவணை என்றால் அந்த ஓட்டமும் குறையும். மூன்று வருடப் படிப்புக்கு முன்கூட்டியே ஒதுக்க வேண்டுமென்றால், காரணம் சொல்லி ஐந்து வருடம் வரை சேர்த்து வைக்க வழி இருக்கிறது. படிவத்தை மட்டும் கெடுவுக்குள் போடுங்கள். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பழைய படிவ எண்களை நம்ப வேண்டாம்.

மாற்றக் கூடாது என்கிற சித்தப்பாவிடம் கோவை பீளமேட்டைக் காட்டுங்கள். பி.எஸ்.ஜி. சகோதரர்கள் 1926இல் தர்மத்துக்குச் சொத்து ஒதுக்கினார்கள். அதே அறநிலையம்தான் 1951இல் தொழில்நுட்பக் கல்லூரியும் 1985இல் மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது.

சிப்காட் ஷிஃப்ட்

நான் இந்த மாதிரி உதவியில் படித்தவன். வருடா வருடம் புதிதாக விண்ணப்பம் போட வேண்டும், கிடைக்குமா என்பது கடைசி வரை தெரியாது. அதுதான் பெரிய இம்சை. பாஸ் ஆனால் மூன்று வருடமும் உண்டு என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பேப்பர் அரியர் வைத்தாலே நிறுத்திவிடும் விதியையும் எடுத்துவிடுங்கள். அரியர் வந்த செமஸ்டரில்தான் எனக்கு வீட்டில் பிரச்சினையே.

மண்டிக்காரர் பேத்தி, ஈரோடு

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. 1979 விஷயத்தைச் சித்தப்பாவிடம் சொன்னேன். பத்திரத்தை எடுத்து அவரே இரண்டு தடவை படித்தார். நினைவு நாளில் சாப்பாடு இருக்கட்டும், காசோலை வேண்டாம் என்பது வரை வந்திருக்கிறார். ஆப் நிறுவனத்துக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஏப்ரல் கூட்டத்தில் மாதத் தவணைக்குத் தீர்மானம் வைக்கிறேன்.

இன்னும் ஒன்று மிச்சம். பிள்ளைகளைத் தேர்வு செய்யக் குடும்பத்துக்கு வெளியே இரண்டு பேர் வேண்டும் என்று நினைக்கிறேன். ஹெச்.எம். ஐயா, அந்தியூர், பர்கூர் பக்கத்துப் பள்ளிகளைத் தெரிந்த ஆசிரியர் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் சொல்ல முடியுங்களா?