காசில் கூம் மார்க்கெட் கிராஸ்ல சிலுவை எங்க?

ஊர்சுத்தி:
போன மாசம் இங்கிலாந்துல பாத் நகரத்துக்குப் போயிட்டு வர்ற வழியில வில்ட்ஷயர் மாவட்டத்துல காசில் கூம்னு ஒரு கிராமத்துல இறங்கினோம். மூணு தெரு சந்திக்கிற எடத்துல நாலு கல்தூண், மேல கல் ஓடு வேஞ்ச கூரை, பாக்க சாவடி மாதிரி இருக்கு, மேப்ல மார்க்கெட் கிராஸ்னு போட்டிருக்கான். சுத்திச் சுத்திப் பாத்தேன், சிலுவை கண்ணுல படல. ரோடு கிராஸ் ஆகுறதால அந்தப் பேருங்கிறார் கூட வந்தவர். அப்படியா?

பழங்கல்:
இல்லங்க, சிலுவைதான். கூரைக்கு நடுவுல படி வச்ச பீடமும் கல்தண்டும் இருக்குமே, அதான் மெயின். 14ஆம் நூற்றாண்டுல வாரச்சந்தை நடத்த அனுமதி கெடச்சப்போ வச்சது. அதுக்கு முன்னாடியெல்லாம் இங்கிலாந்துல சர்ச் வளாகத்துலயே, கல்லறைங்களுக்கு நடுவுலயே கடை போடுவாங்க, 1285ல வின்செஸ்டர் சட்டம் வந்து அதைத் தடை பண்ணிடுச்சு. தெருவுக்கு வந்த சந்தைக்கு ஒரு சிலுவை நட்டா சாமி முன்னாடி எடையில ஏமாத்த மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை.

எடைக்கல்:
ஏமாத்தலன்னு யாரு சொன்னா 😄 ரொட்டி எடை, பீர் அளவுக்குன்னே 13ஆம் நூற்றாண்டுல தனி சட்டம் போட்டு அபராதம் வாங்கிட்டு இருந்தாங்க. சந்தைன்னா மெயினா காசு விஷயம்ங்க, கடை போட வாடகை, விக்கிற சரக்குக்கு சுங்கம், எல்லாம் ஊர் பிரபுவுக்கு. காசில் கூம்ல துணி நெசவு வேற பெருசா நடந்துச்சு, அந்த ஊரை வச்சிருந்த சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் பிரான்ஸ்ல சண்டை போட்ட தன்னோட ஆளுங்களுக்கு சிவப்பு வெள்ளை துணிய அங்கருந்துதான் வாங்கினாரு.

ஊர்சுத்தி:
ஓ சரி. அப்போ கூரை எதுக்கு?

பழங்கல்:
மழைக்குத்தான், வேற என்ன, இங்கிலாந்து வெதர் தெரியாதா. வெண்ணெய் முட்டை விக்க வர்றவங்க நனையாம நிக்கணும்ல. பக்கத்துல மாம்ஸ்பரின்னு ஒரு ஊர், அங்க 1490 வாக்குல கட்டினது இதைவிட செம அழகு, ஊர் ஊரா சுத்திக் குறிப்பெழுதின ஜான் லேலண்ட் 16ஆம் நூற்றாண்டுல அதைப் பாத்துட்டு, மழை வந்தா சந்தைக்கு வர்ற ஏழை ஜனங்க நனையாம நிக்கக் கட்டினதுன்னே எழுதி வச்சிருக்காரு. இன்னொண்ணு, 1643ல பார்லிமென்ட் பொது எடத்துல இருக்கிற சிலுவையெல்லாம் இடிக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. லண்டன்ல சீப்சைடு தெருவுல இருந்த சிலுவை அந்த வருஷம்தான் போச்சு. அதனால பல ஊர்ல மேல சிலுவை இல்லாம வெறும் தண்டும் பேரும்தான் மிச்சம்.

ஊர்சுத்தி:
இப்பதான் போட்டோவ ஜூம் பண்ணிப் பாத்தேன். அந்தப் பீடத்துலதான் உக்காந்து சான்ட்விச் சாப்பிட்டிருக்கோம் 🤦