கம்போடியச் சிறையில் பிழைத்தவரிடமிருந்து "விடாமுயற்சி" பாடம் எடுக்கலாமா?

யீஷூன் வாசி

வணக்கம். தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவன். வருடக் கடைசி விடுமுறையில் எங்கள் குழு கம்போடியா போகிறது. கிராமத்துப் பள்ளிக்கூடச் சுவருக்குச் சாயம் அடிப்பது, பிள்ளைகளோடு பந்து விளையாடுவது, கடைசியில் புனோம் பென்னில், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் துவோல் ஸ்லெங் சிறையைப் பார்ப்பது. கிளம்புவதற்குள் அங்கே உயிர் தப்பிய ஒருவரைப் பற்றிப் படித்துவிட்டு, வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்ட மூன்று பாடங்களை ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

நான் சும் மே பற்றிப் படித்தேன். மெக்கானிக். 1975 முதல் 1979 வரை கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில், 1978-இல் பிடித்துக்கொண்டு போனார்கள். கால் நகத்தைப் பிடுங்கி, மின்சாரம் பாய்ச்சி, தான் அமெரிக்காவின் சிஐஏ உளவாளி, அதன் எதிரி சோவியத்தின் கேஜிபி உளவாளியும்கூட என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஒரே ஆள் எப்படி இரண்டு பேருக்கும் வேலை பார்ப்பார் என்று எழுதிக்கொண்டவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை போல. அவரைக் கொல்லாமல் விட்டதற்குக் காரணம், சிறையில் தையல் மெஷின்கள் பழுதாகிக் கிடந்தன, டைப்ரைட்டரும் ஓடவில்லை. அவருக்கு ரிப்பேர் தெரியும். அவ்வளவுதான்.

இன்னொருவர் வான் நாத், ஓவியர். கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டின் உருவப்படம் வரைய ஆள் தேவைப்பட்டது. கொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. பக்கத்தில், இவரை வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு சின்னக் குறிப்பு.

என் நண்பர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். எல்லோருக்கும் முதல் பாடம் "மனம் தளராதே". இதுதான் எனக்கு உறுத்துகிறது. பின்னால் நடந்த விசாரணையில் நீதிமன்றமே 12,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கொல்லப்பட்டதாகச் சொல்லியிருக்கிறது. 1979 ஜனவரியில் வியட்நாம் படை வந்தபோது மிஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சும் மே மனம் தளராததால் பிழைத்தார் என்றால், மற்றவர்கள் எல்லாம் மனம் தளர்ந்துதான் செத்தார்களா? அவர்களில் நல்ல வாத்தியார் இருந்திருப்பார், நல்ல சமையல்காரர் இருந்திருப்பார். அவர்கள் கைத்தொழில் அந்த வாரம் அங்கே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது பாடம் "இருப்பதற்கு நன்றியோடு இரு". இது இன்னும் மோசம். என் வீவக அடுக்குமாடி வீடும் ஏர்கானும் எவ்வளவு நல்லது என்று எனக்குப் புரிவதற்காகவா அந்த மனிதர் அவ்வளவு பட்டார்?

சரி, அப்படியானால் என்னதான் எழுதுவது? பாடமே எடுக்கக் கூடாதா?

பழைய சாக்பீஸ்

தம்பி, மூன்று என்று எண்ணிக்கை வைத்துக் கேட்பது திருத்துகிறவருக்கு வசதி. வரலாற்று ஆசிரியனாகப் பல வருஷம் திருத்தியவன் சொல்கிறேன்.

நீ பிழைத்தவரை மட்டுமே பார்க்கிறாய். இடத்தையும் பார். 1975-க்கு முன் அது உயர்நிலைப் பள்ளி. அதைச் சிறையாக நடத்திய டூச், கணக்கு வாத்தியார். கைதிகளின் வாக்குமூலங்களை வாசித்து, ஓரத்தில் குறிப்பெழுதி, இங்கே இன்னும் கேள் என்று திருப்பி அனுப்புவார். ஹோம்வொர்க் நோட்டைத் திருத்துகிற அதே கை. காவலர்களில் பலர் உன் வயதுக்காரர்கள், சிலர் உன்னைவிடச் சின்னவர்கள். நம் பிள்ளைகள் படித்துவிட்டு எப்போதும் கைதியின் இடத்தில்தான் தங்களை வைத்துப் பார்ப்பார்கள். காவலன் இடத்தில் நின்று எழுதிய ஒரு தாளைக்கூட நான் திருத்தியதில்லை.

இன்னொன்று. 1994-இல் ருவாண்டாவில் துட்சி இனத்தவரைக் கொன்று குவித்தபோது, சாலைத்தடுப்புகளில் நின்றவர்கள் முதலில் கேட்டது அடையாள அட்டையை. ஹுட்டு, துட்சி என்று அட்டையில் குறிக்கும் வழக்கத்தை 1930-களில் பெல்ஜியர்கள் கொண்டுவந்தார்கள். உன் பர்ஸில் இருக்கும் சிங்கப்பூர் அடையாள அட்டையிலும் இனம் என்று ஒரு வரி உண்டு. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை, யாரும் குதிக்க வேண்டாம். அந்த வரியை ஒரு தடவை பார்த்துவிட்டு ருவாண்டா பற்றிப் படி.

பாசிர் ரிஸ் மல்லிகா

தம்பி சொல்வதில் பாதிக்குத்தான் நான் தலையாட்டுவேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் என் தாத்தாவை ஜொகூர் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, பிடித்துக்கொண்டு போனான். அது இனப்படுகொலை இல்லை. பர்மா வரைக்கும் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட ஆள் வேண்டும், செத்தால் வேறு ஆள் என்ற அலட்சியம். ஆசியத் தொழிலாளர்கள் மட்டும் 90,000 பேர் வரை செத்திருக்கலாம் என்கிறார்கள். நம் தோட்டத் தமிழர்கள் அதில் ஏராளம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்து வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை வரிசை கிடையாது. அங்கே நின்றபோது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

எப்படிப் பிழைத்தீர்கள் என்று கேட்டால், "காலரா வந்த கொட்டகையில் நான் இல்லை" என்பார் தாத்தா. அதோடு பேச்சு முடிந்தது. அதுவரை நீ சொல்வது சரி. ஆனால் திரும்பி வந்தவர் கல்யாணம் கட்டி, செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்கவைத்தார். தட்டில் சோறு மிச்சம் வைத்தால் மட்டும் வீடே அதிர்கிற மாதிரி கத்துவார். மற்றபடி சிரித்த முகம். பிழைத்தது தற்செயல், சரி. பிறகு வாழ்ந்ததையும் தற்செயல் என்று சொல்லாதே, எனக்குக் கோபம் வரும். உன் சும் மே மனைவியையும் கைக்குழந்தையையும் பறிகொடுத்தவர். வயதான காலத்தில் அதே சிறை முற்றத்தில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். அது அவராக எடுத்த முடிவு.

சோம்பேறி சோமு

மார்க் உண்டா இல்லையா, அதை முதலில் கேள். அப்புறம், உள்ளே வரும்போதே கைதிகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படங்கள் இருக்கும் அறையில் உன் கூட்டத்தோடு ஓடிவிடாதே. ஒரு முகத்தின் முன்னால் நின்று பார்.

வடமராட்சிப் பேத்தி

தமிழ்க் குழுவில் இலங்கையை யாரும் தொடாமல் போவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. என் அம்மா, தமிழர்கள் தாக்கப்பட்ட 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பை விட்டு வந்தவர். உங்கள் அனுபவத்திலிருந்து நாங்கள் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று ஒருமுறை கேட்டேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பிறகொரு நாள், கொழும்பு வெள்ளவத்தையில் உங்கள் தெருவில் என்னென்ன கடை இருந்தது என்று கேட்டேன். பேக்கரியில் ஆரம்பித்தவர் நள்ளிரவு வரை பேசினார், அந்த ஜூலை உட்பட. பாடம் கேட்டு யாரிடமும் போகாதீர்கள், தம்பி.

யீஷூன் வாசி

நன்றி எல்லோருக்கும். சோமு அண்ணன், மார்க் இல்லை.

மூன்று வரப்போவதில்லை. மல்லிகா அக்கா பிரித்துக் காட்டியதை எழுதுகிறேன், பிழைத்தது வேறு, பிறகு வாழ்ந்தது வேறு என்று. காவலன் பகுதியும் வேண்டும், ஆனால் எனக்கு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அக்கா, தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் ஜப்பானியர் காலம் பற்றித் தமிழிலும் பேட்டிகள் இருக்கின்றன. இந்த வாரம் கேட்கப் போகிறேன். சாக்பீஸ் ஐயா, காவலர்கள் பற்றி எங்கே தொடங்குவது?

பழைய சாக்பீஸ்

டூச் மீதான விசாரணையின் பதிவுகளை நீதிமன்றமே இணையத்தில் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. வான் நாத்தும் சும் மேயும் சாட்சி சொன்னது 2009 ஜூன் கடைசியில். அதை முதலில் படி. அடுத்து முன்னாள் காவலர்கள் வந்து சொன்னது. பக்கம் பக்கமாகப் போகும், ஒரு கோப்பி ஓ போட்டுக்கொண்டு உட்கார்.