32 கற்களா, 33 கற்களா?

மழைமானி:
ஏப்ரல் 16 நெருங்குகிறது. 2007-ல் அதே நாளில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு செத்தான். இறந்தவர்களில் 27 பேர் மாணவர்கள், 5 பேர் ஆசிரியர்கள். அந்த ஐவரில் ஒருவர் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கரட்டடிபாளையத்தில் பிறந்த ஜி.வி. லோகநாதன். நீரியல் பேராசிரியர். நானும் அதே துறை என்பதால் அவர் பேரைப் புத்தகத்தில்தான் முதலில் பார்த்தேன், செய்தியில் அல்ல.

சில வருடங்களுக்கு முன் வேலையாக அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் பிளாக்ஸ்பர்க் ஊருக்குப் போனபோது அந்த நினைவிடத்தைப் பார்த்தேன். பெரிய புல்வெளியின் ஓரத்தில் அரைவட்டமாக 32 கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பேர். ஹோக்கிக் கல் என்கிறார்கள், சாம்பல் நிறம். அந்த வளாகத்தின் கட்டடங்களும் இதே கல்தான். ஒவ்வோர் ஏப்ரல் 16-ம் பிறக்கும் நள்ளிரவில் அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, அந்த நாள் முடியும்வரை எரிய விடுகிறார்கள்.

கூட வந்தவர் ஒரு சேதி சொன்னார். சம்பவம் நடந்த உடனே மாணவர்கள் தாங்களாகவே கற்களை வைத்தார்களாம். சில நாளில் ஒரு மாணவி 33-வதாக ஒரு கல்லைச் சேர்த்திருக்கிறாள், சுட்டவனுக்காக. யாரோ அதை எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது. மறுபடி போனது. அந்த ஆகஸ்டில் பல்கலைக்கழகம் நிரந்தர நினைவிடம் திறந்தபோது 32 கற்களே இருந்தன.

என் கணக்கில் 32 தான் சரி. வேறு மாதிரி நினைப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

கூழாங்கல்:
நான் வேறு மாதிரி நினைப்பவள்தான். அந்தப் பையனும் அதே கல்லூரியில் படித்தவன். 23 வயது. 2005 டிசம்பரிலேயே ஒரு நீதித்துறை அதிகாரி அவனைத் 'தனக்குத்தானே ஆபத்தானவன்' என்று முடிவு செய்து, மருத்துவமனையில் சேர்க்காமல் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறும்படி உத்தரவிட்டார். அந்தச் சிகிச்சை நடக்கிறதா என்று பார்க்க ஆளில்லை. அதே வருடம் அவன் தன் வகுப்பில் இருந்தால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்று அங்கே பாடம் எடுத்த கவிஞர் நிக்கி ஜியோவன்னி துறையிடம் சொன்னார். அவனைத் தனியாக உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்கள். அத்தனை பேர் பார்த்தார்கள், அத்தனை பேர் பயந்தார்கள், அவனைப் பிடித்து நிறுத்த ஒருவராலும் முடியவில்லை.

அந்த மாணவி கல் வைத்தது மன்னிப்புக்காக என்று நான் நினைக்கவில்லை. அன்று காலை அந்த வளாகம் 33 பேரை இழந்தது என்ற கணக்கைச் சொல்லத்தான். அவனுக்கும் ஓர் அம்மா இருந்தாள்.

பவானிக்கரை:
அம்மா இருந்தாங்க, சரி. சுடப்பட்ட 32 பேருக்கும் அம்மா இல்லையா?

கோபிக்காரன் நான், அதனால் கொஞ்சம் சூடாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மாதம் அது. எங்கேயோ அமெரிக்காவில் துப்பாக்கிச்சூடு என்று ராத்திரி டிவியில் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அப்புறம் ஊர்ப் பேரைச் சொன்னார்கள். எங்கப்பா சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றுவிட்டார். அவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது. ஆனால் கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. டெக், கான்பூர் ஐ.ஐ.டி., பர்டூ என்று படிப்படியாக ஏறிப் போன நம்ம பக்கத்துப் பையன் என்று அன்றைக்கு ஊரே பேசியது. கொடிவேரித் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர் தண்ணீரைப் பற்றியே பாடம் நடத்தப் போனார். காலை வகுப்பில் நின்றுகொண்டிருந்தபோது சுட்டான்.

அவருக்கு ஒரு கல், சுட்டவனுக்கும் அதே அளவில் ஒரு கல். நியாயமாகச் சொல்லுங்கள், அவர் வீட்டார் அந்தப் பக்கம் எப்படி நடப்பார்கள்?

கூழாங்கல்:
அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அதே அளவு, அதே வரிசை வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அவன் பேரே இல்லாமல்கூட இருக்கட்டும். கதையிலிருந்தே அவனை அழித்துவிட்டால், வானத்திலிருந்து இடி விழுந்து 32 பேர் செத்த மாதிரி ஆகிவிடாதா?

சாட்டை:
இரண்டு பேரும் கல்லை எண்ணிக்கொண்டிருங்கள். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

காலை 7:15 வாக்கில் மாணவர் விடுதியில் முதல் இரண்டு பேர் சுடப்படுகிறார்கள். இது ஏதோ சொந்தத் தகராறு என்று போலீஸ் முடிவு கட்டி, இறந்த பெண்ணின் காதலனைத் தேடிப் போகிறது. அந்தப் பையனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வளாகத்துக்கு முதல் மின்னஞ்சல் போனது 9:26-க்கு. இரண்டு மணி நேரத்துக்கு மேல்! அதிலும் 'துப்பாக்கிச்சூடு ஒன்று நடந்தது, எச்சரிக்கையாக இருங்கள்' என்ற தொனி. 9:05 வகுப்புக்கு எல்லாரும் போய் உட்கார்ந்தாகிவிட்டது. 9:40 வாக்கில் நாரிஸ் ஹால் என்ற வகுப்புக் கட்டடத்தின் கதவுகளை உள்ளேயிருந்து சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுச் சுட ஆரம்பித்தான். மீதி 30 பேரும் அங்கேதான் இறந்தார்கள்.

வளாகத்தில் ஆபத்து என்றால் உடனே எச்சரிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் கிளெரி சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதை மீறியதற்கு முதலில் போட்ட அபராதம் 55,000 டாலர். மேல்முறையீடெல்லாம் முடிந்து கட்டியது 32,500 டாலர். இரண்டு குடும்பங்கள் சமரசத்துக்கு ஒப்பாமல் வழக்குப் போட்டன. 2012-ல் ஜூரி ஆளுக்கு 40 லட்சம் டாலர் என்றது. சட்ட வரம்பு அதை ஒரு லட்சமாகக் குறைத்தது. 2013-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பையே ரத்து செய்தது. இன்னொன்று கேளுங்கள். அவனுடைய மனநல ஆலோசனைக் கோப்பு காணாமல் போய், 2009-ல் பல்கலைக்கழக ஆலோசனை மையத்தின் முன்னாள் இயக்குநர் வீட்டில் கிடைத்தது.

இதையெல்லாம் எந்தக் கல்லில் பொறித்திருக்கிறார்கள்? மெழுகுவர்த்தி ஏற்றினால் கேள்வி கேட்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். எந்த நிர்வாகத்துக்கும் இது பிடிக்கும்.

கடைசிபெஞ்சு:
நான் இப்போது பி.இ. மூன்றாம் வருடம். சம்பவம் நடந்தபோது கைக்குழந்தை. ஒரு சந்தேகம், அந்த நாளில் அங்கே லீவா, வகுப்பு உண்டா?

மழைமானி:
தம்பி, முதல் சில வருடங்கள் ஏப்ரல் 16-ல் வகுப்பு கிடையாது. ஐந்தாம் ஆண்டில், 2012-ல், முதல் தடவையாக வகுப்பு வைத்தார்கள். அப்போது அங்கேயும் சிலருக்கு மனத்தாங்கல்தான். என்னைக் கேட்டால் வகுப்பு நடப்பதே மரியாதை. அவர்கள் இறந்ததே வகுப்பில்தானே.

சாட்டை ஐயா, நீங்கள் சொன்ன விவரங்களில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மெழுகுவர்த்தியால் கேள்விகள் அணைந்துவிட்டன என்பதை ஒப்ப மாட்டேன். அபராதம் போட வைத்ததும் வழக்கை இழுத்துக்கொண்டு போனதும் யார்? அந்தக் குடும்பங்களும் அவர்கள் பக்கம் நின்றவர்களும்தான். மெழுகுவர்த்தியைச் சுற்றி நிற்பதும் அதே ஆட்கள். 2008 தொடக்கத்தில், மனநலக் காரணத்தால் துப்பாக்கி வாங்கத் தகுதி இழந்தவர்களின் விவரத்தை மாநிலங்கள் தேசியப் பட்டியலுக்கு அனுப்ப ஊக்குவிக்கும் சட்டம் கையெழுத்தானது. அந்த விவரம் பட்டியலுக்குப் போகாததால்தானே அவனால் இரண்டு துப்பாக்கி வாங்க முடிந்தது.

சாட்டை:
ஒரு தேதி சொல்கிறேன், 2011 டிசம்பர் 8. அந்த அபராதத்தை எதிர்த்துப் பல்கலைக்கழக அதிகாரிகள் வாஷிங்டனில் விசாரணைக்குப் போயிருந்த நாள். அதே நாளில் அதே வளாகத்தில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த முறை அரை மணிக்குள் எல்லாருக்கும் எச்சரிக்கை போய்விட்டது. ஆக, செய்ய முடியும். 2007-ல் செய்யவில்லை, அவ்வளவுதான். நாங்கள் தப்பு செய்யவில்லை என்று ஒரு கையால் வாதாடிக்கொண்டே, மறு கையால் அந்தத் தப்பைத் திருத்தியிருக்கிறார்கள்.

பவானிக்கரை:
இது எனக்குப் புதுச் செய்திங்க. கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

கூழாங்கல்:
சாட்டை சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மான்ட்ரியாலில் 1989 டிசம்பர் 6 அன்று ஒரு பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் வகுப்பில் ஆண்களைத் தனியே வெளியேற்றிவிட்டுப் பெண்களைச் சுட்டான். அதே தேதியின் பேர் வைத்த பூங்கா ஒன்று அங்கே இருக்கிறது. அதன் பலகையில் ரொம்ப நாள் 'சோக நிகழ்வு' என்ற மாதிரிதான் இருந்தது. பெண்ணியத்துக்கு எதிரான தாக்குதல் என்று வெளிப்படையாக மாற்றி எழுத 2019 ஆகிவிட்டது. முப்பது வருடம்! யார் செத்தார்கள் என்று எழுத உடனே கை வருகிறது, ஏன் செத்தார்கள் என்று எழுதத்தான் கை நடுங்குகிறது. அந்த 33-வது கல்லை நான் இந்த 'ஏன்' என்ற கேள்வியாகத்தான் பார்க்கிறேன்.

பவானிக்கரை:
அம்மணி, அப்படியென்றால் அதை ஒரு பலகையில் எழுதுங்கள். இத்தனை மணிக்கு இது நடந்தது, இத்தனை மணிக்குச் சொன்னோம், இவ்வளவு தாமதம் என்று எழுதுங்கள். நானே வந்து கைதட்டுகிறேன். கல் வேண்டாம். எங்கள் பக்கம் கல் நடுவது என்றால் கும்பிடுவதற்கு. நடுகல் யாருக்கு நட்டார்கள்? மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு, ஊரைக் காக்க நின்று செத்தவனுக்கு. கொள்ளையடிக்க வந்தவனுக்கு நட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்படிப் பார்த்தால் நாரிஸ் ஹாலில் நடுகல்லுக்கு உரிய ஆட்கள் இருந்தார்கள். லிவியு லிப்ரெஸ்கு என்று 76 வயதுப் பேராசிரியர், ருமேனியாவில் பிறந்த யூதர், நாஜிக்களின் காலத்தில் உயிர் தப்பியவர். வகுப்புக் கதவைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு, மாணவர்களை ஜன்னல் வழியாகக் குதிக்கச் சொன்னார். கெவின் கிரனாட்டா என்ற இன்னொரு பேராசிரியர் மேல்மாடியில் மாணவர்களை ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கீழே என்ன சத்தம் என்று பார்க்க இறங்கி வந்தார். திரும்பவில்லை.

கூழாங்கல்:
நடுகல் வாதம் நல்ல வாதம். உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பலகை யோசனை எனக்குச் சம்மதம். ஆனாலும் அந்த மாணவி செய்தது தப்பு என்று என் வாயால் வராது.

கடைசிபெஞ்சு:
எல்லாரும் 32, 33 என்கிறீர்கள். நினைவில் நிற்பது எண்தான், ஆட்கள் இல்லை. லோகநாதன் சார் என்ன செய்தார் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லையே. நீரியல் பேராசிரியர் என்றீர்கள், சரி. அப்புறம்?

மழைமானி:
தலையில் ஒரு குட்டு வைத்த மாதிரி இருக்கிறது, தம்பி. நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று அவர் எடுத்தது முதுகலை மாணவர்களுக்கான உயர்நிலை நீரியல், 206-ம் அறை. இந்தோனேசியா, எகிப்து, போர்ட்டோ ரிக்கோ, மும்பை என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அந்த ஒரு அறையில். அவரோடு ஒன்பது மாணவர்கள் போய்விட்டார்கள்.

அவர் ஆராய்ச்சியில் ஒரு பகுதி குடிநீர்க் குழாய்கள் பற்றியது. 2002-ல் இரண்டு பேரோடு சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய குழாய் உடைகிறது, ஒட்டுப் போடுகிறோம். மறுபடி உடைகிறது, மறுபடி ஒட்டு. எது வரைக்கும் ஒட்டுப் போடலாம், எப்போது குழாயையே மாற்ற வேண்டும்? அதற்கு ஒரு வரம்பு எண் கண்டுபிடித்தார்கள். மூன்று விவரம் போதும்: மாற்றும் செலவு, ஒரு தடவை ஒட்டுப் போடும் செலவு, வட்டி விகிதம். மாற்றுவதற்கு ஒட்டுப் போடுவதைப்போல 25 மடங்கு செலவு, வட்டி 7 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குச் சுமார் 1.7 உடைப்பு வரை ஒட்டுப் போடுவது லாபம். அதைத் தாண்டினால் தோண்டி எடுத்துவிட வேண்டியதுதான்.

சாட்டை:
நிர்வாகங்களுக்கும் இப்படி ஒரு சூத்திரம் இருந்தால் அனுப்புங்கள்.

பவானிக்கரை:
எங்கள் தெருக் குழாய்க்கே முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். கணக்கு எனக்குப் புரியும்படி யாராவது சொல்லித் தருவீர்களா?

கடைசிபெஞ்சு:
எனக்கும். அரியர் இருக்கிறது, மறைக்கவில்லை.

மழைமானி:
16-ம் தேதி குரல் அழைப்பு போடுகிறேன். கூழாங்கல், சாட்டை, நீங்களும் வாருங்கள். கல் சண்டையை அங்கேயும் தொடரலாம், ஆனால் கணக்கு முடிந்த பிறகு. அங்கே காலை 9:05 என்றால் நமக்கு மாலை 6:35. அந்த நேரத்துக்கே தொடங்குவோம். அந்தக் கணக்குக்கு மடக்கை (ln) வேண்டும், கால்குலேட்டரில் அந்தப் பட்டன் வேலை செய்கிறதா என்று பார்த்து வையுங்கள்.