புதுப்பிப்பு: வைஃபை இணைந்ததும் மண் ஈர உணரி முடங்கிய சிக்கல் தீர்ந்தது

மாடித் தோட்டத்து மண் ஈர உணரி, இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையில் வைஃபை இணைந்ததுமே அளவு காட்டாமல் போகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

மின்வழங்கியை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. "உணரியைப் பலகையின் எந்தப் பின்னில் (இணைப்பு முனையில்) செருகியிருக்கிறீர்கள்?" என்று கேட்டவர்தான் சரியாகப் பிடித்தார். நான் செருகியிருந்தது 4ஆம் பின். உணரி தரும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற இந்தப் பலகையில் ஏடிசி1, ஏடிசி2 என்று இரண்டு பகுதிகள் உண்டு. 4ஆம் பின் ஏடிசி2-ஐச் சேர்ந்தது; வைஃபை ஓடும்போது அதை நம்ப முடியாது. கம்பியை ஏடிசி1-இல் உள்ள 34-க்கு மாற்றி, நிரலில் ஓர் எண்ணைத் திருத்தினேன். அவ்வளவுதான். இதற்காகவா இரண்டு இரவு என் நிரலைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

எதிர்பாராதது ஒன்று: உணரியைப் பிடுங்கியபோது அதன் ஒரு கால் மட்டும் அரித்துக் கறுத்திருந்தது. எந்நேரமும் மின்சாரம் பாய்ந்ததால் வந்த மின்னாற்பகுப்பு. இப்போது அளக்கும் நொடியில் மட்டும் 25ஆம் பின் வழியாக மின்சாரம் கொடுக்கிறேன்.