பிக்சிலேஷன் – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்பு நண்பர்களுக்கு,

காட்சித் தொடர்பியல் கையேட்டின் அசைவூட்ட (அனிமேஷன்) குறும்படப் பகுதிக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிக்சிலேஷனை மொழிபெயர்த்தவர் 'படப்புள்ளிச் சிதைவு' என்று எழுதிவிட்டார். அது திரையில் படம் கட்டம் கட்டமாக உடைவது. இது ஆட்களையே பொம்மைபோல் நிறுத்தி, சட்டகம் சட்டகமாகப் படமெடுக்கும் உத்தி. நார்மன் மெக்லாரன் 1952இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் எடுத்த 'நெய்பர்ஸ்' படத்தில், ஒரு பூவுக்காக அடித்துக்கொள்ளும் இரண்டு வீட்டுக்காரர்கள் வருவார்கள். புல்தரையில் கால் படாமல் வழுக்கிப் போகும் காட்சிக்குக் கயிறே கிடையாது. நடிகர் குதிக்கக் குதிக்க, உச்சியில் இருக்கும் கணத்தை மட்டும் படம்பிடித்துக் கோத்தார்கள். இதற்கொரு சொல் தாருங்கள்.
– செ.

* * *

செ. அவர்களுக்கு,
பிக்சிலேஷனின் வேர் பிக்சி, தென்மேற்கு இங்கிலாந்துக் கதைகளில் வரும் குறும்புக்காரக் குட்டித் தேவதை. அது பிடித்தவன் நிலைகொள்ளான். அதே படத்தில் நடித்த கிராண்ட் மன்ரோதான் உத்திக்கு இப்பெயரைச் சூட்டியவர் என்பார்கள். நம்மிடம் அணங்கு இருக்கிறதே! பெயராகவும் வரும், வினையாகவும் வரும். 'அணங்கியக்கம்' என்போம்.
– மா.நா.

* * *

ஐயா, பிக்சி விளையாடும், அணங்கு வருத்தும். 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ' என்று திகைத்து நின்றவனைப் புல்தரையில் வழுக்கவிடுகிறீர்கள். என் வகுப்பில் இதைச் சொன்னால் பேய்ப்படம் என்றுதான் எழுதிக்கொள்வார்கள். குறளில்தான் தேட வேண்டுமென்றால் 1020 இருக்கிறது: 'மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று'. உயிரற்றதை உயிருள்ளதாகக் காட்டி மயக்குவது. 'உயிர்மருட்டு' போதாதா?
– தே.

* * *

அம்மா, சொல் அருமை, இடம்தான் மாறிவிட்டது. அது களிமண் பொம்மைக்குப் பொருந்தும். நிக் பார்க் 1989இல் 'கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ்' படத்தில் களிமண் விலங்குகளின் வாயில் சாதாரண மக்களின் பேட்டிக் குரலைப் பொருத்தினார். அந்தப் பாணியில் பிரிட்டனில் வீட்டு மின்வெப்பமூட்டலுக்கான விளம்பரங்களும் வந்தன. அங்கே மருட்டப்படுவது உயிர். இங்கோ உயிருள்ளவன் பாவையாகிறான். ஆள்+பாவை, 'ஆட்பாவை அசைவூட்டம்' என்றால் என்ன?
– செ.

* * *

புணர்ச்சி சரி. ஆனால் 'அசைவூட்டம்' என்பதே எனக்கு உவப்பில்லை. அசைகிறவனுக்கு எதற்கு அசைவை ஊட்டுவது? 'ஆட்பாவைக்கூத்து' என்க.
– மா.நா.

* * *

கூத்து என்றால் தோல்பாவைக்கூத்தின் தம்பி என்று நினைத்துக்கொள்வார்கள் ஐயா. பேசாமல் பிக்சிலேஷன் என்றே விடலாம். பஸ்ஸில்தானே போகிறோம்?

இன்னொன்று: லென் லை 1935இல் பிரிட்டன் அஞ்சல் துறைக்காக, கேமராவே இல்லாமல் படச்சுருளின்மேல் நேரடியாக வண்ணம் தீட்டி எடுத்த படம், முடிவில் பார்சல் அஞ்சலுக்கு விளம்பரமாகிவிடும். கையேட்டில் அதற்கும் சொல் வேண்டுமே?
– வி.

* * *

அதை அடுத்த இழையில் வைத்துக்கொள்வோம், வி. மெக்லாரனும் அதே அஞ்சல் துறைப் படப்பிரிவில் வேலை பார்த்தவர் என்று தொடங்கினால் வெள்ளி போய்விடும்.

குழுவில் நான்கு பேர் 'ஆட்பாவை அசைவூட்டம்' என்கிறீர்கள், இருவர் 'ஏதாவது ஒன்றைப் போடுங்கள்' என்கிறீர்கள். முதலில் வரும் இடத்தில் பிக்சிலேஷனையும் சேர்த்து எழுதி அனுப்பிவிடுகிறேன்.
– செ.

* * *

அனுப்புங்கள். ஆனால் பெயர்தான் கிடைத்திருக்கிறது, வினை எங்கே? 'நேற்று தம்பியை ஆட்பாவை அசைவூட்டினேன்' என்று எந்த மாணவன் சொல்வான்? 'அணங்கினேன்' ஒரே சொல்.
– மா.நா.