அபராதச் சீட்டு கிழிப்பவரிடமே தீர்ப்பையும் கொடுப்பதா?

தங்கசாலைக்காரன்:
நேற்று ஒருவர் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போனார், "சிகாகோ மாதிரி பார்க்கிங் அபராத விவகாரத்தை கோர்ட்டிடம் இருந்து எடுத்து மாநகராட்சி விசாரணைக்கே விட்டால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஒரே மாதத்தில் சரியாகிவிடும்" என்று. படித்ததில் இருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கே விசாரிக்கிறவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? நகராட்சி. அபராதப் பணம் போவது? அதே கஜானா. இதில் நியாயம் எங்கிருந்து வரும்?

வண்ணைவாசி:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே எழுதுங்கள். சிகாகோவில் 1990-ல் இருந்து இப்படித்தான் நடக்கிறது. தபாலிலேயே மறுப்பு அனுப்பலாம். விசாரிப்பது வெளி வக்கீல்கள், ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். இங்கே 500 ரூபாய் சலானை எதிர்க்க ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு மேஜிஸ்திரேட் முன்னால் நிற்கவேண்டும். அதனால்தான் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கட்டிவிடுகிறோம்.

தங்கசாலைக்காரன்:
ஒப்பந்த வக்கீலுக்குச் சம்பளம் யார்? அதை மட்டும் தாண்டிவிட்டீர்களே.

திருவொற்றியூர்_லோடு:
நீங்கள் இரண்டு பேரும் டூவீலருக்கு அடித்துக்கொள்ளுங்கள். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கிறதே, அதற்கு எந்த விசாரணை?

தங்கசாலைக்காரன்:
லாரி வேறு பேச்சு, குறுக்கே வராதீர்கள். என் கதையைக் கேளுங்கள். போன ஆடித் தள்ளுபடி சமயம், குட்டி யானையில் வந்த புடவை மூட்டையை இறக்க ஐந்து நிமிடம் நிறுத்தினேன். நோ பார்க்கிங் போர்டு இருந்தது, உண்மை. அதன் முகத்தை மறைத்து ஒரு கடையின் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள், கீழே கம்பி மட்டும்தான் தெரிந்தது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். சிகாகோ சட்டத்தில் சீட்டில் எழுதியிருப்பதே முதல் சாட்சி, தப்பு என்று காட்டுவது நம் பாடு. அந்த போட்டோவை நகராட்சிச் சம்பளம் வாங்குகிறவரிடம் நீட்டினால் என்ன சொல்வார்? போர்டு இருந்ததா, கட்டு என்பார். மோட்டார் வாகனச் சட்டம் 177-ல் முதல் தடவை 500 வரை, அடுத்த தடவை 1500 வரை. இன்று அதை ஸ்பாட்டில் கட்டமாட்டேன் என்று சொன்னால் கடைசியில் ஒரு நீதிபதி இருக்கிறார். நகராட்சி வரவுசெலவு அவருக்குக் கவலை இல்லை. அந்த ஒரு ஆளையும் எடுத்துவிடச் சொல்கிறார் இவர்.

வண்ணைவாசி:
நீதிபதிக்கும் அரசாங்கச் சம்பளம்தான்! அப்போது அவரும் வேண்டாமா?

தங்கசாலைக்காரன்:
அரசாங்கம் வேறு, அபராதம் வசூலிக்கிற அலுவலகம் வேறு. இதுகூடப் புரியாமலா சிகாகோ பாடம் நடத்துகிறீர்கள்?

ராயபுரத்து_அக்கா:
ஃப்ளெக்ஸ் கட்டிய கடையைப் பற்றி யாரும் பேசமாட்டீர்கள். பிளாட்பாரம் முழுக்க பொம்மைக்குப் புடவை கட்டி நிறுத்தியிருக்கிறீர்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போகிறவள் பஸ்ஸுக்கும் மீன்பாடி வண்டிக்கும் நடுவில் நடக்கவேண்டியிருக்கிறது. முதலில் உங்கள் கடைப் படியை உள்ளே இழுங்கள் தங்கசாலை தம்பி.

தங்கசாலைக்காரன்:
அக்கா, படி எங்கள் தாத்தா கட்டியது, அப்போது அந்த இடத்தில் ரோடே இவ்வளவு உயரம் இல்லை. தார் மேல தார் போட்டு ஏற்றியது யார்?

வண்ணைவாசி:
பார்த்தீர்களா, படி என்றதும் சம்பளக் கேள்வி காணோம். மழைநீர் வடிகால் பேச்சிலும் இவர் இப்படித்தான் நழுவினார். ஆதாரம் கேட்டேன், இன்றுவரை வரவில்லை.

தங்கசாலைக்காரன்:
வடிகால் போட்டோ அன்றைக்கே போட்டேன், நீங்கள் பார்க்காதது என் குற்றமா? கேள்வி அப்படியே நிற்கிறது. சம்பளம் யார்?

திருவொற்றியூர்_லோடு:
கன்டெய்னர் லாரிக்குப் பதில் சொல்லுங்கள் ஐயா, இன்றைக்கும் டோல்கேட் பக்கம் ஆம்புலன்ஸ் ஒன்று மாட்டிக்கொண்டு நின்றது.

வண்ணைவாசி:
ஒப்பந்தம் என்றால் மாதச் சம்பளம் இல்லை, கூலி. படித்துவிட்டு வாருங்கள்.

தங்கசாலைக்காரன்:
சரி, கூலி. கூலியைக் கொடுப்பது யார்?