அபராதத்துக்கு அஞ்சியா, அக்கறையினாலா: கொரோனா காலத்தில் நாம் விதிகளைக் கடைப்பிடித்தது எதனால்?

கேள்வி:
2020 செப்டம்பரில் தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, முகக்கவசம் அணியாதவர்களுக்கு 200 ரூபாயும் பொது இடத்தில் எச்சில் துப்புவோருக்கு 500 ரூபாயும் அபராதம் என்று அறிவிக்கப்பட்டது. காவலர் நிற்கும் முச்சந்தி வரை மூக்கை மூடியிருந்த கவசம், அதைக் கடந்ததும் தாடைக்கு இறங்கியதை நான் நாள்தோறும் பார்த்தேன். அபராதம் இல்லாமலே மக்கள் மனமுவந்து விதிகளைக் கடைப்பிடித்த இடங்கள் உண்டா, அங்கே அவர்களை அவ்வாறு நடக்க வைத்தது எது என்பதை அறிய விரும்புகிறேன்.

பதில் 1:
எங்கள் ஊர் ரேஷன் கடையைச் சொல்வேன். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் வழங்கப்பட்டபோது, நாளும் நேரமும் குறித்த டோக்கனைக் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் சுண்ணாம்பு வட்டங்களில் செருப்பையும் பையையும் வைத்துவிட்டு, அனைவரும் வேப்பமர நிழலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம், வெயில் அப்படி. மறுநாள் தெருக்காரர்களே பந்தல் போட்டு, அதன் கீழே வட்டங்களை வரைந்தார்கள். அதன்பின் ஒருவரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை.

பதில் 2:
இதற்கு நேர்மாறானது கோயம்பேடு. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 முதல் முழு ஊரடங்கு என்று 24-ஆம் தேதி அறிவித்ததால், இடையில் கிடைத்த ஒரே நாளில் காய்கறி வாங்க ஊரே திரண்டது. சந்தையில் பரவிய தொற்று, அங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை சென்றது. மே 5 அன்று சந்தையையே மூடினார்கள். அன்று கூடியவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று ஏசியவர்கள் பலர். நான்கு நாளைக்குப் பிள்ளைகளுக்கு என்ன சமைப்பது என்று தவித்த தாயை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் 3:
இருவர் சொல்வதையும் ஏற்கிறேன். ஆனால் ஏற்பாடு மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. துக்க வீட்டில் 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றிருந்த நாள்களில் என் பெரியப்பா காலமானார். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க எந்த அதிகாரியும் வரவில்லை. ஆனாலும், பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்பதை அறிந்திருந்த என் சித்தப்பா, உடன்பிறந்த அண்ணனின் முகத்தைக்கூட அருகில் பார்க்காமல், தெருவின் மறுபக்கத்திலேயே மாலையோடு நின்றார். நான் எவ்வளவு அழைத்தும் படியேறவில்லை. மாலையைத் திண்ணையில் வைத்துவிட்டு விலகி நின்று, "நீ போட்டுவிடுப்பா" என்றார்.